பயோகெமிஸ்ட்ரியை ஒரு கலத்திலிருந்து தொடங்குவது பற்றி

ஒவ்வொரு புது பச்சும் மருத்துவ பீடத்துக்குள் வந்து கொஞ்சக் காலம் போனதும் எனக்கு ஒரே மாதிரியான செய்திதான் வரும். "அண்ணா, அனற்றமி எப்பிடியோ ஓடுது, பிசியோலொஜி விளங்குது, பயோகெமிஸ்ட்ரிதான் ஒண்டும் தலைக்குள்ள நிக்குதில்லை." நான் யாழ்ப்பாணத்தில் படித்து முடித்து இப்போது வாட்டில் வேலை செய்கிறேன். படிக்கும் காலத்தில் ஜூனியர்களுக்குக் குப்பி (மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சின்ன வகுப்பு) எடுத்த பழக்கம் இன்னும் விடவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

சொல்ல வருவது ஒன்றுதான். எந்தத் தாக்கத்தைப் படித்தாலும் அதன் பெயரைப் பாடமாக்குவதற்கு முதல், இது எந்தக் கலத்தில் நடக்கிறது, அந்தக் கலத்துக்குள் எந்த இடத்தில் நடக்கிறது என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் மிச்சத்தில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம். தெரியாவிட்டால் எவ்வளவு பாடமாக்கினாலும் செக்கண்ட் எம்.பி. பரீட்சை முடிந்த அடுத்த கிழமையே எல்லாம் கழன்று போய்விடும்.

பலரும் அறைச் சுவரில் அந்தப் பெரிய அனுசேபப் படத்தை ஒட்டி வைத்திருப்பார்கள். அம்புக்குறிகள், நூற்றுக்கணக்கான பெயர்கள், நடுவில் கிரெப்ஸ் வட்டம். படத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அது உடம்பில் நடக்கும் எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டிருப்பதால், பார்க்கிறவருக்கு ஏதோ ஒரு கலத்துக்குள் இத்தனையும் ஒன்றாக நடப்பது போலத் தோன்றும். அப்படி ஒரு கலம் நம் உடம்பில் இல்லை. யூரியா வட்டம் முழுதாக ஓடுவது ஈரலில் மட்டும்தான். கீற்றோன்களை, அதாவது கொழுப்பிலிருந்து வரும் எரிபொருளை, உண்டாக்குவதும் ஈரல்தான், ஆனால் அந்தக் கீற்றோனை எரித்துச் சக்தி எடுக்க ஈரலால் முடியாது, அதற்கான நொதியம் அங்கே இல்லை. தசையில் கிளைக்கோஜன், அதாவது சேமித்து வைத்த குளுக்கோஸ், நிறைய இருக்கிறது, அதிலிருந்து ஒரு குளுக்கோஸ்கூட இரத்தத்துக்கு வராது. இந்த "இல்லை"கள்தான் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போது உதவுகிறவை. அந்தப் படத்தில் இவற்றைக் காணமுடியாது.

எனக்கு இதைக் காட்டித் தந்தவர் ஒரு சீனியர் அக்கா. கொக்குவில் பக்கம் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டு விறாந்தையில் குப்பி. நாங்கள் எல்லாரும் தடித்த குறிப்புகளோடு போய் உட்கார்ந்தோம். அவர் அவற்றை மூடி வைக்கச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு வெள்ளைத்தாள் தந்தார். "ஒரு வட்டம் கீறுங்கோ. இது செங்குழியம். இதுக்குள்ள என்னென்ன இல்லை எண்டு முதல்ல எழுதுங்கோ." கரு இல்லை, இழைமணி இல்லை, இறைபோசோம் இல்லை, அகமுதலுருச் சிறுவலை இல்லை. உயர்தரத்தில் படித்ததுதான் (இழைமணி ஒட்சிசனைக் கொண்டு சக்தி எடுக்கும் இடம், இறைபோசோம் புரதம் செய்யும் இடம்), எல்லாரும் எழுதிவிட்டோம். அதற்குப் பிறகுதான் கேட்டார்: "சரி, அப்ப இது எப்பிடிச் சீவிக்குது?"

அந்த ஒரு கேள்வியிலிருந்து மூன்று அத்தியாயம் வந்தது. இழைமணி இல்லையென்றால் கிரெப்ஸ் வட்டம் இல்லை, கொழுப்பமிலத்தை எரிக்க வழியில்லை, கீற்றோனும் உதவாது. ஆகவே குளுக்கோஸ் மட்டும்தான், அதுவும் கிளைக்கோப்பகுப்பு, அதாவது குளுக்கோசைப் பைருவேற்றாக உடைப்பது, வரைக்கும்தான். ஒரு குளுக்கோசுக்கு நிகரமாகக் கிடைப்பது 2 ஏடிபி (கலம் செலவழிக்கும் சக்தி நாணயம்). பைருவேற்று லக்ரேற்றாக மாறவேண்டும், இல்லாவிட்டால் அதற்கு வேண்டிய என்ஏடி என்ற துணைநொதியம் திரும்பக் கிடைக்காமல் கிளைக்கோப்பகுப்பே நின்றுவிடும். அந்த லக்ரேற்று இரத்தத்தோடு ஈரலுக்குப் போய் மறுபடி குளுக்கோஸ் ஆகிறது. தசையிலிருந்து வரும் லக்ரேற்றும் அதே வழிதான். இதைக் கண்டறிந்த கோரி தம்பதிக்கு 1947இல் நோபல் பரிசு கிடைத்தது. கருவும் இறைபோசோமும் இல்லாதபடியால் பழுதான நொதியத்துக்குப் பதில் புதிது செய்யமுடியாது. இருப்பதைக் கொண்டு சுமார் 120 நாள் ஓட்டவேண்டும். ஒட்சிசனையும் இரும்பையும் ஒன்றாகச் சுமக்கிற கலம் என்பதால் ஒட்சியேற்றச் சேதம் ஓயாமல் நடக்கும். அதைச் சமாளிக்கக் குளுற்றதையோனை ஒடுக்கிய நிலையில் வைத்திருக்கவேண்டும், அதற்கு என்ஏடிபிஎச் வேண்டும், இழைமணியே இல்லாத இந்தக் கலத்துக்கு அது பென்ரோஸ் பொஸ்பேற்றுப் பாதையிலிருந்துதான் வரவேண்டும். அந்தப் பாதையின் முதல் நொதியம் ஜி6பிடி. அது குறைவாக உள்ள ஒருவருக்குப் பிரிமாகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொடுத்தால் செங்குழியங்கள் ஏன் உடைகின்றன என்பதை இதற்குமேல் யாரும் உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டது, ஆனாலும் வெளிநாட்டிலிருந்து மலேரியாவோடு வருகிறவர்களுக்கு அந்த மருந்து இன்னும் தேவைப்படுகிறது. ஜி6பிடி பரிசோதனையை விட்டுவிட முடியாது.

செங்குழியத்தை இப்படிப் படித்தது வாட்டில் எனக்கு உதவிய அளவுக்கு வேறு எதுவும் உதவவில்லை. ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு ஐயா சாதாரணக் காய்ச்சலோடு வந்து படுத்திருக்கிறார், கதைக்கிறார், தேத்தண்ணி குடிக்கிறார். பொட்டாசியம் 6.8 என்று ரிப்போர்ட் வருகிறது. அது உண்மையென்றால் இதயத்துக்கு ஆபத்தான அளவு. ஈசிஜி எடுத்துப் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை, சிறுநீரகமும் நன்றாக வேலை செய்கிறது. ரிப்போர்ட்டின் அடியில் சின்னதாக, மாதிரி குருதிக்கலம் சிதைந்தது என்று எழுதியிருந்தது. சோடியம் பொட்டாசியம் பம்பி ஓயாமல் வேலை செய்வதால் பொட்டாசியத்தின் பெரும்பங்கு கலத்துக்கு உள்ளே இருக்கிறது. ஊசியால் வேகமாக இழுக்கும்போதோ குழாயைப் போட்டுக் குலுக்கும்போதோ செங்குழியம் உடைந்தால் அதெல்லாம் வெளியே கொட்டுப்படும். ஈசிஜியைப் பார்த்துக்கொண்டே உடனே திரும்ப இரத்தம் எடுத்தோம், 4.2. ஐயாவின் உடம்பில் பொட்டாசியம் ஒருபோதும் ஏறவில்லை, ஏறியது குழாய்க்குள் மட்டும். மாதிரியை வேளைக்குப் பிரிக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் இதே கதைதான். குளிரில் அந்தப் பம்பி மந்தமாகிவிடும், பொட்டாசியம் மெல்ல மெல்லக் கசியும்.

சாம்பல் நிற மூடிக் குழாயும் அப்படித்தான். குளுக்கோசுக்கு ஏன் தனிக் குழாய் என்று கேட்காமலே மாதக்கணக்கில் இரத்தம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். குழாய்க்குள் வந்த பிறகும் செங்குழியம் உயிரோடுதான் இருக்கிறது, சுற்றியிருக்கும் குளுக்கோசை எடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. அறை வெப்பநிலையில் மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 வீதம் வரை குறையும், யாழ்ப்பாணத்து வெயிலில் இன்னும் வேகமாக. அந்தக் குழாயில் உள்ள புளோரைட்டு கிளைக்கோப்பகுப்பின் ஈனோலேசு என்ற நொதியத்தைத் தடுக்கிறது. ஆனால் ஈனோலேசு பாதையின் கடைசிப் பக்கம் இருப்பதால் முன்னுக்குள்ள நொதியங்கள் இன்னும் கொஞ்ச நேரம் குளுக்கோசை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். புளோரைட்டு போட்டாச்சு என்று மாதிரியை மேசையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். எச்பிஏ1சி பார்க்கும்போதும் செங்குழியத்தின் வயதை நினையுங்கள். 120 நாள் சீவிக்கிற கலத்தில் குளுக்கோஸ் ஒட்டிய அளவைத்தான் பார்க்கிறோம். குருதிச்சிதைவு இருப்பவருக்கு, கிட்டடியில் இரத்தம் ஏற்றியவருக்கு, அந்த எண் உண்மையைவிடக் குறைவாகக் காட்டிவிடும்.

சரி, கலம் எது என்பது ஒன்று. கலத்துக்குள் எந்த இடம் என்பது அடுத்தது. இதற்கு எங்கள் வீட்டுக் குசினியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கு அவிக்கும்போது பானையை மூடாதே என்று அம்மம்மா காலத்திலிருந்து சொல்வார்கள். கிழங்கின் கலத்தில் லினமரின் என்ற பொருள் புன்வெற்றிடம் என்ற பைக்குள் இருக்கிறது. அதை உடைக்கும் லினமரேசு என்ற நொதியம் கலச்சுவரில் இருக்கிறது. இரண்டும் வேறுவேறு இடத்தில் இருக்கும் வரைக்கும் ஒன்றும் நடக்காது. வெட்டும்போது, சீவும்போது கலம் சிதைந்து இரண்டும் சந்திக்கின்றன, கடைசியில் ஐதரசன் சயனைட்டு வருகிறது. அது 26 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்து ஆவியாகக் கூடியது. திறந்த பானையில் போய்விடும், மூடினால் போக இடமில்லை.

அந்தச் சயனைட்டு நம் உடம்புக்குள் வந்தால் போய்ப் பிடிப்பது இழைமணியின் உள்மென்சவ்வில் உள்ள சைற்றோகுரோம் சீ ஒட்சிடேசை, அதாவது ஒட்சிசனைப் பயன்படுத்தும் கடைசிப் படியை. இனி நீங்களே யோசியுங்கள். ஒட்சிசன் இரத்தத்தில் நிறைய இருக்கிறது, கலத்தால் அதை எடுக்க முடியவில்லை. ஆகவே ஒட்சிசன் செறிவு காட்டும் கருவியில் எண் நன்றாக இருக்கும், நாளக் குருதியும் சிவப்பாக இருக்கும், எல்லாக் கலங்களும் செங்குழியம் போலக் கிளைக்கோப்பகுப்பை மட்டும் நம்பிச் சீவிக்க வேண்டி வரும், லக்ரேற்று ஏறிக்கொண்டே போகும். பரீட்சையில் இதை விளக்கச் சொல்லிக் கேட்டால் எழுதவேண்டியது இவ்வளவும்தான். இலத்திரன் கடத்தல் சங்கிலியில் ஏன் இத்தனை படிகள், புரோத்தன்களை ஏன் மென்சவ்வுக்கு அப்பால் தள்ளவேண்டும் என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு ஆறுதல்: தள்ளிய புரோத்தன்கள் திரும்பி வரும்போதுதான் ஏடிபி உண்டாகிறது என்ற விளக்கத்தைப் பீற்றர் மிச்செல் 1961இல் சொன்னபோது அந்தத் துறையின் பெரிய ஆட்களே பலகாலம் ஏற்கவில்லை. நோபல் பரிசு கிடைத்தது 1978இல், எங்கள் மருத்துவ பீடம் தொடங்கிய அதே வருடம்.

இடம் தெரிந்தால் கட்டுப்பாடும் விளங்கும். கொழுப்பமிலத்தைத் தொகுப்பது இழைமணிக்கு வெளியே குழியவுருவில், எரிப்பது இழைமணிக்குள். உள்ளே போக ஒரு வாசல் இருக்கிறது, காணிற்றின் கொண்டுபோகிற வழி. தொகுப்பின் முதற்படியில் உண்டாகும் மலோனைல் கோஏ அந்த வாசலை அடைத்துவிடும். அதனால் செய்துகொண்டிருக்கும்போதே எரிப்பது நடக்காது. இதை இரண்டு தனி அத்தியாயமாகப் பாடமாக்கினால் இந்த ஒரு வரி எங்கேயோ தொலைந்துவிடும். ஒரே ஈரல் கலத்தை வரைந்து, நடுவில் இழைமணியைப் போட்டு, இரண்டையும் அதன் இரண்டு பக்கமும் எழுதிப் பாருங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பாடம், என் அம்மாவின் கந்தசஷ்டி விரதம். அம்மா ஒவ்வொரு வருடமும் ஆறு நாளும் கடுமையாகப் பிடிப்பவர், பகலில் தண்ணீர் மட்டும், இரவில் கொஞ்சம் பால். நான் செக்கண்ட் எம்.பி.க்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் அவரிடம் ஒவ்வொரு நாளும் எப்படி இருக்கிறது என்று கேட்டுக் குறித்தேன். "முதல் ரெண்டு நாளும்தான் தம்பி பசி. பிறகு ஒண்டும் தெரியாது, தலை நல்லாத் தெளிவாயிருக்கும்." இதை முருகன் அருள் என்று அம்மா சொல்வார். அதில் நான் வாதாடப் போவதில்லை. அந்த அருள் எந்தெந்தக் கலத்தின் வழியாக வருகிறது என்பதைத்தான் எழுதி வைத்தேன்.

கடைசியாகச் சாப்பிட்டதிலிருந்து சில மணித்தியாலங்களில் குடலிலிருந்து வரும் குளுக்கோஸ் முடிந்துவிடும். சதையியிலிருந்து இன்சுலின் குறைகிறது, குளுக்ககோன் ஏறுகிறது. ஈரல் தன்னிடம் உள்ள கிளைக்கோஜனை உடைக்கிறது. அது சுமார் 100 கிராம்தான், ஏறத்தாழ ஒரு நாளில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தசையில் அதைப்போல் நாலு மடங்கு இருக்கிறது, ஆனால் தசையில் குளுக்கோஸ்-6-பொஸ்பற்றேசு இல்லாததால் அது தசைக்குள்ளேயே செலவாகவேண்டியதுதான். மூளையோ ஒரு நாளைக்கு 120 கிராம் அளவு குளுக்கோஸ் கேட்கிற உறுப்பு. எனவே ஈரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்யத் தொடங்குகிறது. மூலப்பொருள் எங்கிருந்து? செங்குழியம் தரும் லக்ரேற்று, கொழுப்புக் கலம் தரும் கிளிசரோல், தசைப் புரதம் உடைந்து வரும் அலனின். இப்படியே போனால் தசை கரைந்துவிடும். இரண்டாம் மூன்றாம் நாளில் நிலைமை மாறுகிறது. கொழுப்புக் கலத்திலிருந்து வரும் கொழுப்பமிலங்கள் ஈரலின் இழைமணிக்குள் போய்க் கீற்றோன்களாகின்றன. கொழுப்பமிலத்தைப் பெரிதாக எடுக்காத மூளை கீற்றோனை எடுக்கும். மூளை கீற்றோனுக்குப் பழகப் பழகக் குளுக்கோஸ் தேவை குறையும், தசையை உடைக்கவேண்டிய தேவையும் குறையும். கீற்றோன் ஏறினால் பசியும் அடங்கும். அம்மா சொன்ன "பிறகு ஒண்டும் தெரியாது" இதுதான்.

இதில் கடைசிவரை மாறாத ஒருவர் செங்குழியம். ஆறாம் நாள் சூரன்போர் பார்க்கப் போகும்போதும் அதற்குக் குளுக்கோஸ்தான் வேண்டும், இழைமணி இல்லையே. ஈரல் ஏன் கடைசிவரைக்கும் குளுக்கோஸ் செய்துகொண்டே இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் இந்தக் கலம். இரட்டை எண் காபன் கொண்ட கொழுப்பமிலத்திலிருந்து குளுக்கோஸ் செய்யமுடியாது என்பதையும் இந்த இடத்தில் சேர்த்துப் படியுங்கள். அது உடைந்தால் வருவது அசற்றைல் கோஏ. பைருவேற்று அசற்றைல் கோஏ ஆவது ஒருவழிப் படி, திரும்பி வரமுடியாது.

அம்மாவிடம் கொஞ்சமாவது இன்சுலின் சுரந்துகொண்டிருப்பதால் கீற்றோன் ஒரு அளவோடு நிற்கிறது. இன்சுலின் அறவே இல்லாத முதலாம் வகை நீரிழிவில் அந்தப் பிடி இல்லை. கொழுப்புக் கலம் கட்டுப்பாடில்லாமல் கொழுப்பை விடும், ஈரல் நிற்காமல் கீற்றோன் செய்யும், இரத்தம் அமிலமாகும். ஒரே பாதைதான், ஒரு இடத்தில் விரதம், இன்னொரு இடத்தில் அவசர சிகிச்சைப் பிரிவு. விரதத்தைப் படித்தவருக்கு நீரிழிவுக் கீற்றோஅமிலத்துவத்தைத் தனியாகப் படிக்கவேண்டியதில்லை.

இடையில் ஒன்று சொல்லவேண்டும், இது படிப்புக்கு வெளியே. எங்கள் ஊரில் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிற அம்மாமார் பலர் யாரிடமும் கேட்காமல் விரதம் பிடிக்கிறார்கள். கிளிக்லசைட் எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் குளுக்கோஸ் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். எம்பாகிளிஃப்ளோசின் மாதிரியான மருந்தோடு பட்டினி கிடந்தால் குளுக்கோஸ் பெரிதாக ஏறாமலே கீற்றோன் ஏறிவிடலாம், குத்திப் பார்க்கும் எண் அவ்வளவு மோசமில்லை என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகமும் வராது. விரதம் தொடங்க முதல் வைத்தியரிடம் கேட்டு மருந்தை மாற்றிக்கொள்ளவேண்டும். நீங்கள் முதலாம் வருட மாணவராக இருந்தாலும் இதை உங்கள் வீட்டில் சொல்லலாம், சொல்லுங்கள்.

மென்சவ்வுக்கு நீண்ட கதை வேண்டாம், ஒரு ஜீவனிப் பைக்கெற் (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது) போதும். வயிற்றோட்டத்துக்கு வெறும் தண்ணீர் ஏன் போதாது? சிறுகுடல் கலத்தின் உட்பக்க மென்சவ்வில் உள்ள கடத்தி சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்துத்தான் உள்ளே எடுக்கும், தண்ணீர் அதன் பின்னால் போகும். கொலரா நஞ்சு குளோரைட்டை வெளியே கொட்டவைத்தாலும் இந்தக் கடத்தி கெடுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கரைசலில் சோடியமும் குளுக்கோசும் லீற்றருக்கு 75 மில்லிமோல் என்று சமமாக இருப்பதைப் பாருங்கள். உள்ளே வந்த சோடியத்தை இரத்தப் பக்கம் தள்ளுவது நான் முதலில் சொன்ன அதே பம்பிதான், 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே, ஒரு ஏடிபி செலவு. யென்ஸ் ஸ்கூ 1957இல் கண்டுபிடித்தது. எங்கள் பக்கத்து வேலிகளில் நிற்கும் மஞ்சள் அலரியின் நஞ்சும் டிஜொக்சின் மருந்தும் பிடிப்பது இதே பம்பியைத்தான். அதனால்தான் அலரி நஞ்சேறியவரின் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது, இதயத்துடிப்பு குழம்புகிறது.

மூலக்கூற்று உயிரியலுக்கு வந்தால் பலரும் டிஎன்ஏ, ஆர்என்ஏ, புரதம் என்று அம்புக்குறி போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மாரி தொடங்கினால் எங்கள் வாட்டுகள் டெங்குவால் நிறையும், அதையே பாடமாக எடுங்கள். டெங்கு வைரசின் ஆர்என்ஏ நேரே எம்ஆர்என்ஏ போல வேலை செய்யக்கூடியது. கலத்துக்குள் வந்தவுடன் எங்கள் இறைபோசோமே அதை வாசித்துவிடும். அகமுதலுருச் சிறுவலையில் ஒரே நீளமான புரதமாகச் செய்து, பிறகு 10 புரதங்களாக வெட்டப்படும். அதில் ஒன்று என்எஸ்1. அது வைரசின் உடலில் சேராமல் தொற்றிய கலத்திலிருந்து கொல்கி என்ற பொதி செய்து அனுப்பும் பகுதி வழியாக வெளியே சுரக்கப்படுகிறது. காய்ச்சலின் முதல் நாட்களிலேயே இரத்தத்தில் அதைத் தேடமுடிவது இதனால்தான். சுரக்கும் புரதம் எந்த வழியால் வெளியே போகிறது என்ற சோம்பலான அத்தியாயம் இந்த ஒரு ரிப்போர்ட்டில் அப்படியே இருக்கிறது. அதே நோயாளியின் ஈரல் பரிசோதனையில் பார்க்கும் இரண்டு நொதியங்களில் ஏஎஸ்ரி பெரும்பாலும் ஏஎல்ரியைவிடக் கூடுதலாக வரும். ஏஎல்ரி பெரும்பாலும் ஈரலுக்குரியது, ஏஎஸ்ரி தசையிலும் இதயத்திலும் செங்குழியத்திலும்கூட இருக்கிறது. இங்கேயும் கேள்வி எந்தக் கலம் என்பதுதான்.

அதே மாரியில் உண்ணிக்காய்ச்சலும் வரும். அதை உண்டாக்கும் பக்டீரியா நம் கலங்களுக்குள்ளேதான் குடியிருக்கும். பெனிசிலினால் பயனில்லை, டொக்சிசைக்கிளின் கலத்துக்குள் நுழைந்து அதன் இறைபோசோமின் 30எஸ் பகுதியைப் பிடிக்கிறது. நம் குழியவுருவில் உள்ள இறைபோசோம் 80எஸ், பக்டீரியாவினது 70எஸ். இந்த இரண்டு எண்ணையும் மருந்தோடு சேர்த்துப் படித்தால் மறக்காது. பிசிஆர் பற்றியும் அப்படித்தான். 2020இல் கொரோனா வந்தபோது எல்லோர் வாயிலும் இருந்த சொல், ஆனால் ஆர்என்ஏயை முதலில் டிஎன்ஏயாக மாற்றவேண்டும் என்பதையும், ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பதால் 10 சுற்றில் ஒன்று 1024 ஆகும் என்பதையும் ஒரு தரம் கையால் எழுதிப் பாருங்கள். 20ஆம் சுற்றில் தெரிந்த மாதிரிக்கும் 30ஆம் சுற்றில் தெரிந்த மாதிரிக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு என்பது அப்போது தானாக விளங்கும்.

இனிப் படிக்கும் முறை. வெள்ளைத்தாள் முறையைத்தான் நான் இன்றும் சொல்வேன். புத்தகத்தை மூடி, ஒரு கலத்தை வரைந்து, அதில் எது இருக்கிறது, எது இல்லை, எது உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது என்று எழுதி, பிறகு புத்தகத்தைத் திறந்து சிவப்புப் பேனையால் திருத்துங்கள். அடுத்த கிழமை அதே கலத்தைத் திரும்பவும் வரையுங்கள். அனற்றமி வெட்டும் காலத்தில் பயோகெமிஸ்ட்ரிக்கு என்று பெரிய நேரம் ஒதுக்க ஏலாது, ஆனால் ஒரு கலம் வரைய அரை மணித்தியாலம் போதும்.

தமிழில் உயர்தரம் படித்து வந்தவர்கள் விரிவுரை ஆங்கிலத்தில் போவதைக் கண்டு முதல் தவணையில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். குப்பியில் தமிழில் சொல்லி விளங்கிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. விளங்கிய பிறகு அதையே ஆங்கிலத்தில் ஐந்து வரியில் எழுதுங்கள். எங்கள் குப்பியில் சிங்கள நண்பர்களும் இருந்ததால் சில வேளைகளில் படமும் அரைகுறை ஆங்கிலமும்தான் பொதுமொழி, அந்த நாட்களில்தான் நான் கூடுதலாகப் படித்தேன் என்று நினைக்கிறேன். படத்தால் விளங்கப்படுத்த முடியாவிட்டால் எனக்கே அது சரியாகத் தெரியவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

பாடமாக்கத்தான் வேண்டும் என்பவையும் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. 20 அமினோ அமிலங்களின் பெயரும் அவற்றின் இயல்பும், அதில் அத்தியாவசியமான 9, ஒவ்வொரு பாதையிலும் வேகத்தைத் தீர்மானிக்கும் நொதியம், எந்த விற்றமின் எந்தத் துணைநொதியம் ஆகிறது. இவற்றைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். இடையிலுள்ள ஒவ்வொரு பொருளின் கட்டமைப்பையும் வரைந்து பழகுவது என் கணிப்பில் அந்த நேரத்துக்குரிய பலனைத் தருவதில்லை. எஸ்.ஈ.கியூவில் (கட்டமைப்புக் கட்டுரை வினாவில்) உயிர்இரசாயன அடிப்படையை விளக்கு என்று வந்தால் குறைபாடு எங்கே, அதற்கு முன்னால் எது தேங்குகிறது, பின்னால் எது கிடைக்காமல் போகிறது, அதனால் எந்தக் கலம் முதலில் பாதிக்கப்படுகிறது, நோயாளியிடம் அது என்னவாகத் தெரிகிறது என்று இந்த வரிசையிலேயே எழுதுங்கள். வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) தெரியாத கேள்வி வந்தாலும் "இந்தக் கலத்தில் இழைமணி இருக்கிறது, ஆகவே..." என்று தொடங்கினால் கேட்பவர் உங்களை அடுத்த படிக்கு அழைத்துப் போவார், இதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

எந்த ஒழுங்கில் வரைவது என்று கேட்பவர்களுக்கு: செங்குழியம் முதலில், ஏனென்றால் அதில்தான் குறைவாக இருக்கிறது. பிறகு தசை, கொழுப்புக் கலம், ஈரல், நரம்புக்கலம். ஈரலுக்கு மட்டும் ஒரு முழுக் கிழமை கொடுங்கள். சதையியின் பீட்டாக் கலத்தைக் கடைசிக்கு வையுங்கள், அதில் நீங்கள் படித்த எல்லாமே ஒன்றாக வரும். குளுக்கோஸ் உள்ளே வருகிறது, குளுக்கோகைனேசு அதைப் பிடிக்கிறது, இழைமணியில் ஏடிபி ஏறுகிறது, ஏடிபி ஏறியதும் பொட்டாசிய வாயில் மூடுகிறது, மென்சவ்வின் மின்னழுத்தம் மாறிக் கல்சியம் உள்ளே வருகிறது, சிறுவலையிலும் கொல்கியிலும் செய்து தயாராக வைத்திருந்த இன்சுலின் வெளியே போகிறது. வரைந்து முடித்ததும், உங்கள் வீட்டில் யாராவது எடுக்கிற கிளிக்லசைட் இதில் எந்த இடத்தில் போய் ஒட்டும், சாப்பிடாத நாளிலும் அது ஏன் இன்சுலினை வெளியே அனுப்பும் என்று அந்தப் பொட்டாசிய வாயிலின் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்.